“மூளை 90 சதவீதம், மீதிப் பாதி உடம்பு!” - அமெரிக்காவைச் சிரிக்கவைத்த பேஸ்பால் வீரர்கள்

கார்மென் ஒருநாள் தன் கணவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“நீங்க பிறந்தது செயின்ட் லூயிஸ். ஆடினது நியூயார்க். நாம குடியிருக்கிறது நியூஜெர்சி. எனக்கு முன்னாடி நீங்க போயிட்டா, உங்களை எங்கே அடக்கம் பண்றது?”

கணவர் அலட்டிக்கொள்ளவில்லை. “நீயே முடிவு பண்ணு. எனக்கு அது சர்ப்ரைஸா இருக்கட்டும்!”

அந்தக் கணவர் பெயர் யோகி பெர்ரா. அமெரிக்க பேஸ்பால் வரலாற்றின் மிகச்சிறந்த கேட்சர்களில் ஒருவர். 10 முறை உலகத் தொடரை வென்ற அணியில் ஆடியவர். இந்தச் சாதனையை இதுவரை வேறு எந்த வீரரும் எட்டவில்லை. ஆனால், பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத அமெரிக்கர்களுக்கும் பெர்ராவைத் தெரியும். காரணம் அவருடைய மட்டையல்ல, வாய்!

பேஸ்பாலில் பெர்ரா மட்டும் இப்படியில்லை. சிரிக்கவைப்பதற்கென்றே பேர்போன ஒரு பெரிய கூட்டமே அங்கே உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

பத்துக்கு ஏழு தோல்வி

பேஸ்பால் தோல்விகளின் விளையாட்டு. மட்டை பிடிப்பவர் 10 வாய்ப்புகளில் 3 முறை சரியாக அடித்துவிட்டால், அவர் நட்சத்திரம். வருடக்கணக்கில் அதே அளவைக் காப்பாற்றினால், புகழ்மண்டபத்தில் இடமே கிடைத்துவிடும். அதாவது, உலகின் தலைசிறந்த பேட்டர்களும் பத்துக்கு ஏழு முறை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்பி வருகிறார்கள்.

போட்டிகளும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சீசனுக்கு ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 6 மாதங்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். இன்று சொதப்பியவர் நாளை மாலை அதே கூட்டத்தின் முன்னால் மறுபடியும் போய் நிற்க வேண்டும். நேற்றைய தோல்வியை நினைத்துப் புழுங்கினால் பைத்தியம்தான் பிடிக்கும். சிரித்துத் தள்ளினால்தான் அடுத்த நாளைத் தாண்ட முடியும்.

யோகியான கதை

பெர்ராவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. பையன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். 1925-ல் பிறந்த அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் லாரன்ஸ்.

‘யோகி’ பட்டம் வந்ததற்குக் காரணம் இந்தியா! நண்பர்கள் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போனார்கள். அதோடு காட்டப்பட்ட இந்தியா பற்றிய குறும்படத்தில், சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு யோகி வந்தார். “அட, இது நம்ம லாரன்ஸ்தானே!” என்றான் ஒருவன். தன் முறைக்காகக் காத்திருக்கும்போதும், தோற்று மனம் வாடும்போதும் பெர்ரா அப்படித்தான் கையைக் கட்டி, காலை மடக்கி உட்கார்ந்திருப்பாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

பெர்ரா குள்ளம். அகன்ற உடம்பு, நீண்ட கைகள். பத்திரிகைக்காரர்களும் எதிரணி வீரர்களும் அவர் முகத்தைக் கிண்டல் செய்யாத நாளில்லை. இன்றைக்கு ‘பாடி ஷேமிங்’ என்று கண்டிக்கப்படும் அத்தனையும் அன்று மைதானத்தில் வெளிப்படையாகவே நடந்தது. பெர்ரா மல்லுக்கு நிற்கவில்லை. “நான் அழகா இல்லைதான். அதனால என்ன? முகத்தை வெச்சு பந்தை அடிச்சவன் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை” என்றார்.

இந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. எதிர்வீட்டு நண்பன் ஜோ கராஜியோலாவுக்கு 500 டாலர் தர முன்வந்த சொந்த ஊர் அணி, பெர்ராவுக்குக் குறைவாகத்தான் தருவோம் என்றது. “அவனுக்குக் கொடுக்கறதை எனக்கும் கொடுங்க” என்று சொல்லி மறுத்துவிட்டார். பின்னால் அதே 500 டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இடையில் உலகப் போர். 1944 ஜூன் 6-ம் தேதி நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, 19 வயது பெர்ரா கடற்படையின் சின்ன ராக்கெட் படகு ஒன்றில் இருந்தார். குண்டுமழைக்கு நடுவே இருந்தவருக்கு, கேலரியிலிருந்து வரும் கிண்டல் பெரிதாகத் தோன்றியிருக்காது.

‘யோகி மொழி’

பெர்ரா பேசினால், முதலில் தப்பாகத் தோன்றும். ஒரு நிமிடம் கழித்து, ‘அட, சரிதானே!’ என்று படும். ‘யோகியிசம்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள் அமெரிக்கர்கள்.

பெயர்பெற்ற ஓர் உணவகத்தைப் பற்றி அவர் சொன்னது: “அங்கெல்லாம் இப்போ யாரும் போறதே இல்லை. எப்பவும் ஒரே கூட்டம்!”

விளையாட்டின் சூட்சுமம் பற்றி: “பேஸ்பால்ல 90 சதவீதம் மூளை. மீதிப் பாதி உடம்பு.”

‘நன்றாக யோசித்து அடி’ என்று அறிவுரை சொன்னவர்களிடம்: “ஒரே நேரத்துல யோசிக்கவும் செய்து, அடிக்கவும் எப்படி முடியும்?” வேகப்பந்து பிட்சரின் கையிலிருந்து கிளம்பி பேட்டரை வந்தடைய அரை நொடிகூட ஆவதில்லை. அறிவியலும் பெர்ரா பக்கம்தான்!

யாங்கீஸ் மைதானத்தின் இடது மூலையில், இலையுதிர்கால மாலைகளில் நிழல் சீக்கிரமே விழுந்துவிடும். பந்து கண்ணில் படாது. அதை அவர் சொன்ன விதம்: “அங்கே ரொம்ப சீக்கிரமே லேட்டாகிடுது.”

கராஜியோலாவுக்குத் தன் வீட்டுக்கு வழி சொன்ன கதை இன்னும் பிரபலம். “ரோடு ரெண்டாப் பிரியும். பிரிஞ்சா, அதுல வந்துடு!” எதில் வருவது? பெர்ராவுக்கு அதில் குழப்பமே இல்லை. இரண்டு பாதைகளுமே அவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

1947-ல் செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். மேடைப் பேச்சென்றாலே உதறல். ‘இந்த இரவைச் சாத்தியமாக்கிய அனைவருக்கும் நன்றி’ என்று சொல்ல வேண்டியவர், “இந்த இரவை அவசியமாக்கிய அனைவருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வானொலி நிகழ்ச்சியில் பேசியதற்காக வர்ணனையாளர் ஜாக் பக் அவருக்கு ஒரு செக் கொடுத்தாராம். அதில் ‘பே டு பேரர்’ என்று எழுதியிருந்தது. வாங்கிப் பார்த்த பெர்ரா முகம் சுளித்தார். “இத்தனை வருஷமாப் பழகறோம். என் பேரை எப்படி எழுதறதுன்னு இன்னும் உங்களுக்குத் தெரியலையே!”

ஒருகட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் பெர்ரா தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: “நான் சொன்னதையெல்லாம் நான் சொல்லலை!”

“அவனுக்கு போன் வரும்னு காத்திருக்கேன்!”

பெர்ராவுக்கு ஒரு தலைமுறை முன்னால் அதே யாங்கீஸ் அணியில் பந்து வீசியவர் லெஃப்டி கோமஸ். அவர் பாணியே வேறு. தன்னையே கேலி செய்துகொள்வார்.

1930-களில் ஜிம்மி ஃபாக்ஸ் என்றால் பிட்சர்கள் நடுங்குவார்கள். ஒரு நாள் ஃபாக்ஸ் மட்டையோடு நிற்கிறார். எந்த வகைப் பந்து போடுவது என்று கேட்சர் பில் டிக்கி விரலால் சைகை காட்டுகிறார். கோமஸ் ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டுகிறார். அடுத்த சைகை. அதற்கும் ‘வேண்டாம்.’ எல்லாச் சைகைகளும் தீர்ந்துபோக, டிக்கி நடந்து வந்து கேட்டார்: “சரி, என்னதான் போடப்போறே?”

“எதுவும் போடப்போறதில்லை. கொஞ்ச நேரம் இப்படியே நிப்போம். அவனுக்கு ஏதாவது போன் கால் வந்து போயிடலாம்!”

நிலவில் மனிதன் கால்வைத்த பிறகும் கோமஸ் ஃபாக்ஸை விடவில்லை. “நிலாவுல ஏதோ வெள்ளையா ஒரு பொருள் கிடக்குன்னு விஞ்ஞானிகள் குழம்பிப்போனாங்க. எனக்குத் தெரியும், அது 1937-ல ஃபாக்ஸ் என் பந்தை அடிச்ச ஹோம் ரன்!”

இத்தனைக்கும் கோமஸ் சாதாரண ஆள் இல்லை. உலகத் தொடர்களில் 6 ஆட்டங்களை வென்று, ஒன்றில்கூடத் தோற்காதவர். வெற்றியின் ரகசியத்தைக் கேட்டால், “ஒழுக்கமான வாழ்க்கையும், வேகமா ஓடிப் பந்தைப் பிடிக்கிற ஃபீல்டர்களும்தான்” என்பார்.

செனட்டையே சுற்றவிட்டவர்

பெர்ராவின் குரு என்று கேஸி ஸ்டெங்கலைச் சொல்லலாம். 1949 முதல் 1960 வரை யாங்கீஸ் மேனேஜர். அந்த 12 வருடங்களில் 7 உலகத் தொடர்களை வென்று கொடுத்தவர். இளமையில் வீரராக ஆடியபோது, தன்னைக் கேலி செய்த பழைய ஊர் ரசிகர்களுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு சிட்டுக்குருவி பறந்து போனது!

1958 ஜூலையில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று பேஸ்பால் வர்த்தகம் பற்றி விசாரணை நடத்தியது. போட்டிச் சட்டத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு விலக்கு தரலாமா என்பது கேள்வி. சாட்சி சொல்ல வந்த ஸ்டெங்கல் முக்கால் மணி நேரம் போலப் பேசினார். தான் ஆடிய ஊர்கள், ரயில் பயணங்கள், பென்ஷன் என்று எங்கெங்கோ போனார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. செனட்டர்கள் சிரிப்பதா, கேள்வி கேட்பதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

அடுத்த சாட்சி, நட்சத்திர வீரர் மிக்கி மேன்டில். “இந்த விஷயத்தில் உங்கள் கருத்து என்ன?” என்றார் தலைவர். “கேஸி சொன்னதேதான் என் கருத்தும்” என்றார் மேன்டில். அவை அதிர்ந்தது.

1960 உலகத் தொடரைத் தோற்றதும், வயதைக் காரணம் காட்டி யாங்கீஸ் ஸ்டெங்கலை அனுப்பிவிட்டது. இத்தனை வெற்றிகளுக்குப் பிறகு இப்படி ஒரு வழியனுப்பல். நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “70 வயசாகிற தப்பை இனிமே செய்யவே மாட்டேன்” என்றார் அவர்.

பிறகு, புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். 1962-ல் அந்த அணி 120 ஆட்டங்களில் தோற்றது. முதல் ஆளாக ஏன் ஒரு கேட்சரை எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, “கேட்சர் இல்லைன்னா பந்தெல்லாம் பின்னாடி போயிடுமே!” என்றார். பந்தைத் தவறவிடுவதில் பெயரெடுத்த மார்வ் த்ரோன்பெர்ரி, தன் பிறந்தநாளுக்கு ஏன் கேக் இல்லை என்று கேட்டாராம். “வாங்கிக் கொடுக்கலாம்னுதான் இருந்தோம். நீ அதையும் கீழே போட்டுடுவியோன்னு விட்டுட்டோம்” என்றார் ஸ்டெங்கல். அத்தனை தோற்றும் ரசிகர்கள் அந்த அணியைக் கைவிடவில்லை.

வயது தெரியாத மனிதர்

சாட்சல் பெய்ஜின் நகைச்சுவையில் மட்டும் சிரிப்போடு ஒரு முள்ளும் இருக்கும்.

அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். அவர் வீசும் பந்தைத் தொடுவதே கஷ்டம். வெளிநாடு, உள்நாடு என்று அவர் ஆடாத ஊரில்லை. சூயிங்கம் சுற்றிவரும் காகிதத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் குறிதவறாமல் பந்து வீசிக் காட்டுவார். சில ஆட்டங்களில் ஃபீல்டர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தனியாளாக பேட்டர்களை வெளியேற்றுவார். ஆனால், அமெரிக்காவின் மேஜர் லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. கறுப்பினத்தவருக்கென இருந்த நீக்ரோ லீக்கில்தான் அவருடைய பொற்காலம் கழிந்தது. போகிற ஊர்களில் தங்க அறையும் சாப்பிட உணவகமும் கிடைப்பதே பெரும்பாடு.

1947-ல் ஜாக்கி ராபின்சன் அந்தச் சுவரை உடைத்தார். அடுத்த வருடம் கிளீவ்லேண்ட் அணி பெய்ஜை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 42! ‘இந்தக் கிழவரை எடுத்தது விளம்பரத்துக்காக’ என்றார்கள். பெய்ஜ் அந்த சீசனில் 6 ஆட்டங்களை வென்றார், தோற்றது ஒன்று. ஆகஸ்டில் அவர் பந்துவீசிய ஒரு ஆட்டத்தைப் பார்க்க 78,000-க்கும் அதிகமானோர் திரண்டார்கள். அந்த வருடம் உலகத் தொடரும் கிளீவ்லேண்டுக்கே.

உண்மையான வயது என்ன என்று எல்லோரும் துருவினார்கள். “பிறந்த தேதி எழுதியிருந்த பைபிளை எங்க வீட்டு ஆடு தின்னுடுச்சு” என்பார். அவரே திருப்பிக் கேட்ட கேள்வி இன்றும் உலவுகிறது: “உங்க வயசு என்னன்னு உங்களுக்கே தெரியலைன்னா, உங்களுக்கு என்ன வயசுன்னு நினைச்சுக்குவீங்க?”

1965-ல் கன்சாஸ் சிட்டி அணிக்காக 59 வயதில் களமிறங்கினார். காத்திருக்கும்போது உட்கார ஓர் ஆடும் நாற்காலி, பக்கத்தில் ஒரு நர்ஸ் என்று அணி உரிமையாளர் வேடிக்கை ஏற்பாடு செய்திருந்தார். பெய்ஜ் எழுந்துபோய் 3 இன்னிங்ஸ் வீசினார். எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

1971-ல் புகழ்மண்டபம் அவரை அழைத்தது. நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்பதுதான் முதல் திட்டம். பெய்ஜ் சொன்னதாகப் பதிவான வாசகம்: “இரண்டாந்தரக் குடிமகனா இருந்த என்னை, இரண்டாந்தர அமரனா மாத்திட்டாங்க.” எதிர்ப்பு கிளம்ப, திட்டம் கைவிடப்பட்டது. மற்ற எல்லோருக்கும் சமமாகவே பெய்ஜின் பட்டயமும் ஏறியது.

கடைசி வரிசையில் ஒரு சிலை

பெரிதாகச் சாதிக்காமலே புகழ்மண்டபம் போன ஒருவரும் உண்டு. பாப் யூக்கர். 1962 முதல் 1967 வரை கேட்சர். பத்துக்கு இரண்டு முறைதான் பந்து மட்டையில் சரியாகப் பட்டது. மொத்த ஹோம் ரன்கள் 14.

அதையே மூலதனமாக்கினார் யூக்கர். “3,000 டாலருக்கு என்னை மில்வாக்கி அணி ஒப்பந்தம் செய்தது. அப்பா ரொம்ப வருத்தப்பட்டார். அவர்கிட்ட அவ்வளவு பணம் இல்லை. ஆனா, எப்படியோ புரட்டிக் கொடுத்துட்டார்!” காற்றில் தள்ளாடி வரும் ‘நக்கிள்பால்’ பந்தைப் பிடிப்பது எப்படி? “உருண்டு நிக்கிற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் போய் எடுத்துக்கங்க.”

1971 முதல் 2024 வரை மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் வானொலிக் குரல் அவர்தான். ஒரு விளம்பரத்தில், “எனக்கு முன்வரிசை சீட்தான் இருக்கும்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருவார். கடைசியில் மைதானத்தின் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருப்பார். அதை நினைவில் வைத்து, 2014-ல் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். எங்கே? அரங்கின் கடைசி வரிசையில்! 2025 ஜனவரியில் 90 வயதில் அவர் மறைந்தார். சிலை அங்கேதான் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறது.

சிரிக்காத 14 வருடங்கள்

மறுபடியும் பெர்ராவிடம் வருவோம். 1973-ல் அவர் மெட்ஸ் அணியின் மேனேஜர். கோடையில் அணி கடைசி இடத்தில் கிடந்தது. ‘கதை முடிந்தது’ என்றார்கள். “முடியற வரைக்கும் எதுவும் முடியலை” என்றார் பெர்ரா. மெட்ஸ் கிடுகிடுவென மேலேறி உலகத் தொடர்வரை போனது. அமெரிக்காவில் இன்று தேர்தல் மேடையிலும் மருத்துவமனை வார்டிலும் ஒலிக்கும் வாசகம் அது.

1985-ல் அவர் யாங்கீஸ் மேனேஜர். ‘இந்த வருடம் முழுக்க நீங்கள்தான்’ என்று வாக்குக் கொடுத்திருந்தார் அணி உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர். 16 ஆட்டங்கள்தான் முடிந்தன. பெர்ரா நீக்கப்பட்டார். அந்தச் செய்தியை உரிமையாளர் நேரில் சொல்லவில்லை. வேறொருவரை அனுப்பிச் சொன்னார்.

வேலை போனதல்ல, சொன்ன விதம்தான் பெர்ராவைக் காயப்படுத்தியது. அந்த மனிதர் இருக்கும்வரை யாங்கீஸ் மைதானத்தில் கால்வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். அவர் பெயரில் அங்கே பட்டயம் திறந்தபோதுகூடப் போகவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, 14 வருடங்கள்.

1999 ஜனவரியில் ஸ்டெய்ன்பிரென்னர் இறங்கி வந்தார். நியூஜெர்சியில் உள்ள யோகி பெர்ரா அருங்காட்சியகத்துக்கே போய், நேரில் சொல்லாமல் அனுப்பியது பேஸ்பாலில் தான் செய்த மிகப்பெரிய தவறு என்றார்.

பெர்ராவுக்கு அப்போது வயது 73. எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்: “பேஸ்பால்ல நானும் நிறையத் தப்பு செஞ்சிருக்கேன்.”

அந்த வருடம் ஜூலை 18-ம் தேதியை ‘யோகி பெர்ரா தின’மாகக் கொண்டாடியது யாங்கீஸ் மைதானம். 1956 உலகத் தொடரில் டான் லார்சன் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார். வந்த 27 பேட்டர்களில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. உலகத் தொடர் வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரேயொரு முறைதான். அன்று அவருக்கு கேட்சர், பெர்ரா. அதை நினைவூட்ட, விழாவின் முதல் பந்தை லார்சன் வீச, பெர்ரா பிடித்தார். கையில் கிளவுஸ்கூட இல்லை. அணியின் அப்போதைய கேட்சர் ஜோ ஜிரார்டியிடம் இரவல் வாங்கிக்கொண்டார்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. யாங்கீஸ் பிட்சர் டேவிட் கோன் வீச வீச, எதிரணி பேட்டர்கள் வரிசையாக வெளியேறினார்கள். மழை வந்து ஆட்டம் நின்றது, மறுபடி தொடங்கியது. கடைசிப் பந்து வானில் ஏறி ஃபீல்டர் கையில் விழுந்தபோது, அதுவும் ஒரு பெர்ஃபெக்ட் கேம்! பெர்ராவும் லார்சனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. கோன் வீசிய பந்துகள் மொத்தம் 88. பெர்ராவின் ஜெர்சி எண் 8.

2015 செப்டம்பர் 22-ம் தேதி, 90 வயதில் பெர்ரா காலமானார். மேஜர் லீகில் அவர் முதல் ஆட்டம் ஆடியதும் ஒரு செப்டம்பர் 22-ம் தேதிதான், வருடம் 1946. அவசரமாகச் செய்தி அனுப்பிய ஒரு நிறுவனம், அவர் பெயரை கார்ட்டூன் கரடியின் பெயரான ‘யோகி பேர்’ என்று தவறாகப் போட்டுவிட்டது. அவர் இருந்திருந்தால் அதற்கும் ஒரு வரி சொல்லியிருப்பார்.

அடக்கம் எங்கே என்ற கேள்விக்கு, கடைசியில் சர்ப்ரைஸ் தேவைப்படவில்லை. 65 வருடத் திருமண வாழ்க்கைக்குப் பிறகு, 2014 மார்ச்சில் கார்மென் முந்திக்கொண்டார். நியூஜெர்சியில், மனைவிக்குப் பக்கத்தில் பெர்ரா உறங்குகிறார்.